முன்னால் நிற்கும் இரண்டெழுத்து

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தொழில்துறைப் பயிற்சிக்காக ஒரு பெயிண்ட் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். முதல் வாரமே என்னை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். வந்திறங்கும் கரைப்பான் டிரம்களை எண்ணிக் கணக்கெழுதுவதுதான் வேலை. ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு மூன்றாம் படிவத்தோடு நிறுத்திக்கொண்டவர். எந்த டிரம் எந்த மூலையில் இருக்கிறது என்பதைக் கணினியைப் பார்க்காமலே சொல்வார்.

ஒருநாள் வந்த சரக்கில் ஒரு டிரம்மின் லேபிள் பாதி கிழிந்திருந்தது. தீச்சுவாலைப் படம் போய்விட்டது. மலாய் வரியும் இல்லை. மிச்சமிருந்தது ஓர் ஆங்கிலச் சொல் மட்டும்.

“தம்பி, இன்ஃப்ளேமபிள்னா தீப்பிடிக்காதுன்னுதானே அர்த்தம்?”

நான் சிரித்துவிட்டேன். “இல்லண்ணே, நல்லா பிடிக்கும்.”

“அது எப்படி? இன்கரெக்ட்னா சரியில்ல. இன்கம்ப்ளீட்னா இன்னும் முடியல. அப்போ இன்ஃப்ளேமபிள்னா பிடிக்காதுன்னுதானே வரணும்?”

என்னிடம் பதில் இல்லை. “இங்கிலீஷ் அப்படித்தாண்ணே” என்றேன். பக்கத்திலிருந்த இன்னொரு பயிற்சி மாணவனும் சேர்ந்து சிரித்தான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சாக்குக்கட்டியை எடுத்து டிரம்மின் மேல் பெரிதாக ‘முடா தெர்பாகார்’ என்று எழுதிவிட்டுப் போனார். எளிதில் எரியக்கூடியது. மலாயில் இரண்டே சொல், சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. தனக்குத் தெரிந்த இரண்டு சொற்களிலிருந்து ஒரு விதியைக் கண்டுபிடித்து மூன்றாவது சொல்லில் பொருத்திப் பார்த்திருக்கிறார். எங்களுக்கு நான்கு வருடம் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தானே? விடை தெரிந்த நான் சிரித்தேன். ஆனால் காரணம் எனக்கும் தெரியாது. பிறகு அந்தக் காரணத்தைத் தேடிப் போனபோது கிடைத்த கதை இது.

*

ரோமர்கள் தங்கள் வினைச்சொற்களை நாம் லெகோ கட்டைகளை வைத்து விளையாடுவதுபோலப் பயன்படுத்தியிருக்கிறார்கள். லத்தீனில் ‘ஈரே’ என்றால் போவது. முன்னால் ‘எக்ஸ்’ வைத்தால் வெளியே போவது. ‘ரெட்’ வைத்தால் திரும்பிப் போவது. ‘ட்ரான்ஸ்’ வைத்தால் கடந்து போவது. ‘பெர்’ வைத்தால் ஒரேயடியாகப் போவது, அதாவது சாவது. பெரிஷ் என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்துதான் வந்தது. தமிழிலும் ‘அவர் போய்ட்டாரு’ என்றால் நமக்குப் புரிகிறதல்லவா?

எக்ஸிட் என்பது லத்தீனில் ஒரு முழு வாக்கியம். ‘அவர் வெளியே போகிறார்’ என்று பொருள். நடிகர் மேடையை விட்டு நீங்க வேண்டிய இடத்தில் ஆங்கில நாடகப் பிரதிகளில் அப்படிக் குறித்து வைத்தார்கள். இன்று பேரங்காடிக் கதவுகளின் மேல் பச்சை விளக்கில் எரிவது அந்த வாக்கியம்தான். எல்ஆர்டியின் கடைசி எழுத்து ட்ரான்ஸிட்டைக் குறிப்பது. அதிலும் இருப்பது அதே ‘ஈரே’.

இன்னொரு வினைச்சொல் ‘மிட்டெரே’. அனுப்புவது, விடுவது. அட்மிட் உள்ளே விடுவது, எமிட் வெளியே விடுவது, ட்ரான்ஸ்மிட் அந்தப் பக்கம் அனுப்புவது, சப்மிட் கீழே வைத்துப் பணிவது, பெர்மிட் போக விடுவது, ரெமிட் திருப்பி அனுப்புவது. சம்பள நாளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வரிசையில் நின்று ஊருக்குப் பணம் அனுப்பும் கடைப் பலகையில் அந்தக் கடைசிச் சொல்லைப் பார்க்கலாம். அவர்கள் கையில் வைத்திருக்கும் பெர்மிட்டும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

லத்தீனுக்கும் புணர்ச்சி விதி உண்டு என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். ககரம் வருவதால் மகரம் அதற்கு இனமான ஙகரமாகிறது. தமிழ் வகுப்பில் இதைப் படித்திருக்கிறோம். அதே வேலையைத்தான் லத்தீனின் ‘இன்’ செய்கிறது. பகரத்துக்கு முன்னால் இம் ஆகி இம்பாசிபிள், லகரத்துக்கு முன்னால் இல் ஆகி இல்லீகல், ரகரத்துக்கு முன்னால் இர் ஆகி இர்ரெகுலர். எஸ்பிஎம் தேர்வுக்காக இந்த மூன்றையும் தனித்தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்தேன். மூன்றும் ஒன்றுதான் என்றோ, தமிழில் ஏற்கெனவே தெரிந்த விதிதான் இது என்றோ யாரும் சொல்லவில்லை. ‘நோக்கி’ என்று பொருள்படும் ‘அட்’ இன்னும் மோசமான பச்சோந்தி. அக்ஸெப்ட், அஃபெக்ட், அலொகேட், அரெஸ்ட், அட்ராக்ட் எல்லாவற்றிலும் ஒளிந்திருப்பது அதுவேதான்.

ரோமாபுரிச் சந்தையில் எண்ணெய் விற்றவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. துண்டுகள் எல்லாம் அவன் வீட்டுச் சொற்கள். புதுச் சொல்லைக் கேட்டாலும் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்வான். ஆங்கிலேயனுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

*

ஆங்கிலம் வேறொரு வழியிலும் போயிருக்கலாம். கி.பி. 1000-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியில் செர்ன் என்ற மடத்தில் எல்ஃப்ரிக் என்ற துறவி இருந்தார். மடத்துப் பையன்களுக்காக லத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்திலேயே எழுதினார். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல்லை லத்தீனில் ‘ப்ரேபொஸிட்டியோ’ என்பார்கள். ப்ரே என்றால் முன், பொஸிட்டியோ என்றால் வைத்தல். எல்ஃப்ரிக் அதை அப்படியே இரவல் வாங்காமல் ‘ஃபோர்செட்னிஸ்’ என்று மாற்றினார். ஃபோர் என்றால் முன், செட் என்றால் வை. இடையே வந்து விழும் வியப்புச் சொற்களுக்கு லத்தீனில் ‘இன்டெர்யெக்டியோ’, அதாவது இடையில் எறிதல். அதற்கு அவர் செய்த சொல் ‘பெட்வுக்ஸவொர்பென்னிஸ்’. வாயில் நுழையாதுதான். ஆனால் அன்றைய பையனுக்கு அதன் ஒவ்வொரு துண்டும் தெரிந்த துண்டு. சிரிப்பு வந்திருக்கலாம். ஆனால் புரிந்திருக்கும்.

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனை, நீதிமன்றம், பிரபுக்களின் சாப்பாட்டு மேசை எல்லாம் பிரெஞ்சுக்கு மாறின. பிரெஞ்சு, லத்தீனின் மகள்தான். ஆனால் பல நூற்றாண்டுப் பேச்சில் தேய்ந்துபோன மகள். அதன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த முன்னொட்டுகள் மூடிய பெட்டிகளாக வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது.

அரைவ் என்ற சொல்லில் ‘அட்’ இருக்கிறது. ‘ரீபா’ என்றால் கரை. படகு கரையை அடைவதுதான் முதல் அர்த்தம். காஸ்ட் என்ற சொல்லில் ‘கான்’ இருக்கிறது. ‘கான்ஸ்தாரே’ என்றால் சேர்ந்து நிற்பது, பிறகு இந்த விலையில் நிற்கிறது என்றானது. நம் ஊரில் மலாய் வழியாக ‘கோஸ்’ என்று சொல்கிறோமே, அதற்குள்ளும் அந்த ரோமக் ‘கான்’ இருக்கிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது டைன். ‘டிஸ்’ என்றால் விலக்குவது, ‘யெயூனாரே’ என்றால் நோன்பிருப்பது. நோன்பை முறிப்பதுதான் டைன். ஆங்கிலேயர்கள் இதே கருத்தைத் தங்கள் சொந்தச் சொற்களிலும் செய்துவைத்திருக்கிறார்கள். அது பிரேக்ஃபாஸ்ட். ஒரே பொருள்கொண்ட இரண்டு சொற்கள், ஒன்று காலைக்கும் மற்றொன்று இரவுக்கும் போய்விட்டன. பிரேக்ஃபாஸ்ட்டைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. டைனைப் பார்க்க முடியவில்லை.

கவுண்ட் என்ற சொல்லும் அப்படித்தான். லத்தீனில் ‘கொம்புதாரே’, சேர்த்துக் கணக்கிடுவது. பிரெஞ்சு வாயில் தேய்ந்து கவுண்ட் ஆனது. பிற்பாடு படித்தவர்கள் அதே லத்தீன் சொல்லைத் தேயாமல் மறுபடி கொண்டுவந்தார்கள். அது கம்ப்யூட். ஸ்டோரில் நான் டிரம்களை எண்ணியதும், எண்ணியதைக் கணினியில் தட்டியதும் மொழிப்படி பார்த்தால் ஒரே வேலைதான்.

*

பதினாறாம் நூற்றாண்டில் வெள்ளமே வந்தது. 1476-இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டாயிற்று. மருத்துவம், சட்டம், தத்துவம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதலாம் என்ற ஆசை படித்தவர்களுக்கு வந்தது. எழுத உட்கார்ந்தால் சொல் இல்லை. லத்தீனிலிருந்து நேரடியாக அள்ளினார்கள். 1531-இல் தாமஸ் எலியட் பிரபுக்களின் பிள்ளைகளை வளர்ப்பது பற்றி எழுதிய நூலில் ஒரு தந்திரம் செய்தார். புதுச் சொல்லை வைத்துவிட்டு ‘அல்லது’ போட்டுப் பழைய சொல்லையும் பக்கத்திலேயே வைத்தார். எஜுகேஷன் என்று எழுதியவர் கூடவே, பிள்ளையை வளர்த்தெடுத்தல் என்ற ஆங்கிலத் தொடரையும் சேர்த்துக்கொண்டார். வாசகரைக் கைவிடாத முறை.

எல்லோருக்கும் அந்தப் பொறுமை இல்லை. மூன்று சொல்லுக்கு ஒரு லத்தீன் போட்டு எழுதுவது நாகரிகமாகிவிட்டது. மைக்கூடு கையோடு திரியும் படித்தவர்களின் சொற்கள் என்பதால் இவற்றுக்கு ‘மைக்கூட்டுச் சொற்கள்’ என்று கேலிப்பெயர் வந்தது. 1553-இல் தாமஸ் வில்சன் தன் சொல்லணி நூலில் அப்படிப்பட்ட ஒரு வேலை கேட்கும் கடிதத்தை நையாண்டிக்காக எழுதிச் சேர்த்தார். அதில் இருந்த ஆப்டெஸ்டேட் என்ற சொல் செத்துவிட்டது. அதே கடிதத்தில் இருந்த செலிப்ரேட் என்ற சொல்லைச் சொல்லாமல் இன்று ஒரு பிறந்தநாளும் நடக்காது. எது பிழைக்கும், எது சாகும் என்று கேலி செய்தவருக்கும் தெரியவில்லை.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜான் சீக், ஆங்கிலத்தை இரவல் கலக்காமல் எழுத வேண்டும் என்று 1557-இல் ஒரு கடிதம் எழுதினார். மத்தேயு நற்செய்தியை அப்படியே மொழிபெயர்க்கவும் முயன்றார். நூறு வீரர்களின் தலைவனான செஞ்சுரியனுக்கு அவர் வைத்த பெயர் ‘ஹண்ட்ரெடர்’. ரெஸரக்‌ஷனுக்கு ‘கெயின்ரைஸிங்’, மறுபடி எழுதல். ரால்ஃப் லீவர் 1573-இல் தர்க்க நூல் ஒன்றையே இந்த வழியில் எழுதினார். லாஜிக் அவர் கையில் ‘விட்கிராஃப்ட்’ ஆனது. டெஃபினிஷன் ‘சேவாட்’ ஆனது, அதாவது ‘என்னவென்று சொல்’. கன்க்ளூஷன் ‘எண்ட்சே’, முடிவில் சொல்வது. தனித்தமிழ்க் கலைச்சொற்களோடு வளர்ந்த நமக்கு இவர்களைப் பார்த்தால் பழகிய முகமாகத்தான் தெரியும்.

சீக்கும் லீவரும் தோற்றார்கள். சீக்கின் அந்தக் கடிதத்திலேயே, ஆங்கிலம் தூய்மையாக இருக்க வேண்டும் என்று சொல்ல அவருக்குத் தேவைப்பட்ட ‘ப்யூர்’ லத்தீன் வழி வந்த சொல்தான். ஏன் தோற்றார்கள்? படித்த ஆங்கிலேயன் தன் ஊர் விவசாயியோடு பேசுவதைவிடப் பாரிஸிலும் பதுவாவிலும் இருந்த படித்தவனோடு பேசவே ஆசைப்பட்டான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கெல்லாம் லத்தீன் பொது. விவசாயிக்கு ‘எண்ட்சே’ கேட்டவுடன் புரிந்திருக்கும். ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை.

லத்தீன் மோகத்தில் சொந்தச் சொற்களையும் ‘திருத்தினார்கள்’. பிரெஞ்சிலிருந்து வந்த அவான்ஸ் என்ற சொல்லில் ‘அட்’ தேய்ந்து மறைந்திருக்கிறது என்று நினைத்து நடுவே ஒரு டகரத்தைச் சொருகினார்கள். அட்வான்ஸ் பிறந்தது. உண்மையில் அதில் இருந்தது ‘அட்’ இல்லை, ‘அப்’ என்ற வேறொரு முன்னொட்டு. அட்மிரல் கதை இன்னும் வேடிக்கை. அது அரபு மொழியின் அமீர். அமீருக்குப் பின்னால் வரும் அரபு ‘அல்’லும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதிலும் ஒரு லத்தீன் ‘அட்’டைக் கண்டுபிடித்து டகரம் போட்டுவிட்டார்கள். இல்லாத முன்னொட்டைப் பார்த்தவர்கள் அந்தக் காலத்துப் பெரிய படிப்பாளிகள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தவறுகள்தான் இன்று சரியான எழுத்துக்கூட்டல்.

*

சிரிப்பு வேறு பக்கம் போனது. 1600-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபௌட் நத்திங்’ நாடகத்தில் டாக்பெர்ரி என்ற ஊர்க்காவல் தலைவன் வருகிறான். பெரிய சொற்களைப் பேச ஆசை. முன்னொட்டுதான் மாறிப் போய்விடும். பிடித்துவிட்டோம் என்பதற்கு அப்ரிஹெண்ட் என்று சொல்ல வேண்டியவன் காம்ப்ரிஹெண்ட் என்பான். சஸ்பீஷியஸ் என்பதை ஆஸ்பீஷியஸ் என்பதுபோல எதையோ சொல்வான். ‘ப்ரெஹெண்டெரே’ என்றால் கையால் பற்றுவது. முன்னால் ‘அட்’ வந்தால் ஆளைப் பிடிப்பது. ‘காம்’ வந்தால் கருத்தைப் பிடிப்பது. மாணவனாக இருக்கும்போது ஒரு நண்பன் இதைச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன்.

இப்போது நாடகத்தைப் படித்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. அந்த ஊரில் ஒரு சதி நடக்கிறது. கல்யாணப் பெண் ஹீரோவின் மேல் பழி போடத் திட்டம். இளவரசனும் மாப்பிள்ளையும் ஏமாந்துவிடுகிறார்கள். குற்றவாளிகள் பேசுவதை ஒட்டுக்கேட்டுப் பிடிப்பவர்கள் டாக்பெர்ரியின் காவலர்கள்தான். அதைச் சொல்ல அவன் பெண்ணின் அப்பாவிடம், ஊர் ஆளுநரிடம், கல்யாணத்தன்று போகிறான். சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் தப்பும் தவறுமாக இழுக்கிறான். ஆளுநருக்குப் பொறுமை இல்லை. நீயே விசாரித்துக்கொள் என்று அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அடுத்த காட்சியில் மணமேடையில் அந்தப் பெண் அவமானப்படுகிறாள். உண்மை வாசலில் வந்து நின்றிருந்தது. அதன் முன்னொட்டுகள் சரியில்லை, அவ்வளவுதான்.

அந்த நாடகம் அச்சாகி நான்கு வருடம் கழித்து, 1604-இல், ராபர்ட் காட்ரி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். சுமார் 2,500 கடினச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம். ஒரு மொழிக்குள்ளேயே அர்த்தம் சொல்லும் முதல் ஆங்கில அகராதி என்று இதைத்தான் சொல்கிறார்கள். முகப்பிலேயே இது பெண்களுக்கும் படிப்பறிவு குறைந்த மற்றவர்களுக்கும் உதவுவதற்காக என்று போட்டிருந்தது. அப்போதைய கிராமர் ஸ்கூல் என்றால் லத்தீன் கிராமர்தான். பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஆக, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசிய பாதிப் பேருக்குத் தங்கள் மொழியையே படிக்க அகராதி தேவைப்பட்ட நிலை. அகராதி என்ற பொருள், மூடிய பெட்டிகளைத் திறக்கும் கத்தியாகத்தான் அந்த மொழியில் பிறந்திருக்கிறது.

*

பெட்டி திறந்ததும் துண்டுகள் கைக்கு வந்தன. லத்தீனில் இல்லாத சொற்களை ஆங்கிலேயர்களே கட்டத் தொடங்கினார்கள். 1780-இல் ஜெரமி பெந்தம் சட்டம் பற்றிய தன் நூலை அச்சிட்டபோது, நாடுகளுக்கு இடையிலான சட்டத்துக்கு ஒரு பெயர் தேடினார். நேஷனல் என்ற சொல்லுக்கு முன்னால் ‘இன்டர்’ வைத்தார். இன்டர்நேஷனல். புதுச் சொல்தான், ஆனாலும் புரியும் என்று ஓர் அடிக்குறிப்பில் கொஞ்சம் தயங்கித் தயங்கி நியாயம் சொல்லியிருக்கிறார். மலாய் இதற்குச் செய்த சொல் நமக்குத் தெரியும்: அந்தாராபங்சா. அந்தாரா சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்கு வந்தது. அந்தச் சமஸ்கிருதச் சொல்லும் லத்தீன் ‘இன்டெர்’ருக்கு உறவுதான். கோலாலம்பூர் விமான நிலையப் பலகையில் இரண்டு மொழியிலும் எழுதியிருப்பது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த ஒரே முன்னொட்டு.

1795-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு மெட்ரிக் அளவைகளைச் சட்டமாக்கியபோது இன்னும் துணிச்சல் காட்டியது. பெருக்குவதற்குக் கிரேக்கம், வகுப்பதற்கு லத்தீன் என்று பங்கு பிரித்தார்கள். கிலோவும் ஹெக்டோவும் கிரேக்கம். டெசி, சென்டி, மில்லி லத்தீன். ரோமனுக்கு ‘மில்லெ’ என்றால் ஆயிரம். பொறியாளனுக்கு மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று. அவனுடைய எண்ணைக் கவிழ்த்துப் போட்டு முன்னொட்டாக்கிவிட்டார்கள். உலகம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் இந்தியாவில் ப்ரீபோன் என்று சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள். கூட்டத்தைத் தள்ளிவைத்தால் போஸ்ட்போன், முன்னுக்குக் கொண்டுவந்தால் ப்ரீபோன். என் அலுவலகத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு பொறியாளர் மின்னஞ்சலில் இப்படி எழுதியதற்கு ஒருநாள் முழுக்கக் கிண்டல். இலக்கணப்படி அதில் என்ன தவறு? ‘போஸ்ட்’ பின், ‘ப்ரே’ முன், ‘போனெரே’ வைத்தல். எல்ஃப்ரிக் ஃபோர்செட்னிஸ் என்று மொழிபெயர்த்த ப்ரேபொஸிட்டியோவும் ‘ப்ரே’யும் ‘போனெரே’யும் சேர்ந்ததுதான். பெந்தம் செய்தால் சொல்லாக்கம், நம் ஆள் செய்தால் தப்பு இங்கிலீஷ். இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ப்ரீபோன் இருக்கிறது. அந்த நண்பரிடம் இதைச் சொன்னேன். “அதுக்கு முன்னாடியும் மீட்டிங் சரியான நேரத்துக்குத்தான் நடந்துச்சு” என்றார்.

*

இனி ஸ்டோர் அண்ணனின் கேள்விக்கு வருகிறேன்.

லத்தீனில் ‘இன்’ ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ‘உள்ளே, நோக்கி’ என்று பொருள்படும் இன். இன்வேட், இன்ஜெக்ட் போன்றவற்றில் இருப்பது அது. இன்னொன்று இல்லை என்று மறுக்கும் இன். இன்கரெக்ட், இன்கம்ப்ளீட் எல்லாம் அதன் பிள்ளைகள். ஆதியில் இவை வேறு வேறு ஒலிகள். லத்தீன் வளர்ந்த விதத்தில் இரண்டும் ஒரே ஒலியில் வந்து முடிந்துவிட்டன. தமிழில் ‘படி’ என்றால் வாசி, ‘படி’ என்றால் மாடிப்படி என்பதுபோல. மாடிப்படியையும் வாசிப்பையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் இந்த இரண்டு இன்களும் ஒரே இடத்தில், சொல்லுக்கு முன்னால், ஒரே மாதிரி நிற்கின்றன.

மறுக்கும் இன் நமக்கு அந்நியமில்லை. ஆங்கிலத்தின் ‘அன்’, கிரேக்கத்தின் ‘அ’, ‘அன்’, சமஸ்கிருதத்தின் ‘அ’, ‘அன்’ எல்லாம் அதன் உடன்பிறப்புகள். நீதி, அநீதி என்று நாம் சொல்லும்போது சமஸ்கிருதம் வழியாக வந்த அந்த முன்னொட்டைத்தான் சொல்கிறோம். அந்தம் இல்லாதவன் அனந்தன். எல்லை இல்லாதது இன்ஃபினிட்டி. சாவில்லாமல் செய்வது அமிர்தம். சாவில்லாதது இம்மார்ட்டல். கடைசி ஜோடியில் முன்னொட்டு மட்டுமில்லை, சாவைக் குறிக்கும் வேரும் ஒன்றுதான்.

இன்ஃப்ளேமபிளில் இருப்பது இந்த இன் இல்லை, முதல் இன். ‘இன்ஃப்ளம்மாரே’ என்றால் தீயை உள்ளே மூட்டுவது. ஆகவே இன்ஃப்ளேமபிள் என்றால் தீமூட்டக்கூடியது. லத்தீன் தெரிந்தவனுக்குச் சரியான சொல். ஆனால் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான சொற்களில் ‘இன்’ மறுக்கவே செய்கிறது. அந்தச் சொற்களில் பழகிய எவரும் அண்ணனைப் போலத்தான் யோசிப்பார்கள். ஆங்கிலேயர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. இன்ஹாபிட்டபிள் என்றால் இன்று குடியிருக்கத் தக்கது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது குடியிருக்க முடியாதது. அதே சொல்லுக்கு அப்படியே எதிர்ப்பொருள்.

சொல்லால் தீப்பிடிக்கும் என்பதை ஆராய்ந்தவர் ஒரு பொறியாளர். பெஞ்சமின் லீ வோர்ஃப் எம்ஐடியில் வேதியியல் பொறியியல் படித்தவர். 1919 முதல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் தீத்தடுப்பு வேலை. மிச்ச நேரத்தில்தான் மொழியியல். பெட்ரோல் நிறைந்த டிரம்களுக்குப் பக்கத்தில் ஆட்கள் கவனமாக இருக்கிறார்கள், ‘காலி’ என்று எழுதிய டிரம்களுக்குப் பக்கத்தில் அலட்சியமாகப் புகைபிடிக்கிறார்கள் என்று கவனித்து எழுதினார். காலி டிரம்மில் இருப்பது ஆவி. நிறைந்ததைவிட அதுதான் ஆபத்து. ஆட்கள் டிரம்மைப் பார்க்கவில்லை, சொல்லைப் பார்த்தார்கள்.

1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இன்ஃப்ளேமபிளை விட்டுவிட்டு ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள் என்று சொல்லத் தொடங்கியது. காரணம் ஒன்றுதான். ‘இன்’ என்றால் இல்லை என்று எடுத்துக்கொண்டு யாராவது செத்துவிடக் கூடாது. மொழி சுத்தம் பார்ப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் மேல் இளக்காரம் இருந்தது. ஆனாலும் டேங்கர் லாரிகளின் பின்னால் அதுவே நின்றது. அதாவது, படித்த பொறியாளர்களும் காப்பீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவும், மூன்றாம் படிவத்தோடு நிறுத்திய ஒருவர் ஸ்டோரில் நின்று கேட்ட கேள்வியும் ஒன்றேதான். அவர் டாக்பெர்ரிகூட இல்லை. டாக்பெர்ரிக்கு விதி தெரியாது, இவருக்குத் தெரிந்திருந்தது.

பயிற்சி முடிந்து ஓரிரு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். இப்போது என் வேலையில் பாதுகாப்பு அறிவிப்புகளைச் சரிபார்ப்பதும் ஒரு பங்கு. புதிதாக வரும் வரைவில் இன்ஃப்ளேமபிள் என்று இருந்தால் அடித்துவிட்டு ஃப்ளேமபிள் என்று எழுதுவேன். கீழே ‘முடா தெர்பாகார்’, அதற்கும் கீழே ‘எளிதில் தீப்பற்றும்’. போன மாதம் ஒரு பயிற்சி மாணவி, “இன்ஃப்ளேமபிளும் சரிதானே, ஏன் அடிக்கிறீங்க?” என்று கேட்டாள். சரிதான் என்றேன். பிறகு உட்காரச் சொல்லி, சாக்குக்கட்டியால் எழுதியிருந்த ஒரு டிரம்மைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.